உனக்குப் பதிலாக நான் சொன்ன எண்

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே செருகியிருந்த உன் அளவுகோலை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவியது. கோப்பிகூட வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழ்வீட்டார் இன்னும் எழும்பவில்லை. பலேர்மோத் துறைமுகப் பக்கமிருந்து நாப்போலிக் கப்பல் ஊதிய சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு சாண் நீள வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டு. ஒரு முனையில் சிரிக்கிற முகம், மறுமுனையில் அழுகிற முகம், நடுவில் பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்கள். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு மஞ்சள் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். சவர்க்காரத்தையும் மீறி வெந்தயமும் மிளகாய்த்தூளும் மணத்தன. தனியாக நின்று சிரித்தேன். நோயாளியின் வலியை அளக்கவென்று செய்த ஒரு பொருள் இப்படி நண்டுக்கறி மணக்க வேண்டுமென்றால், அது பத்து வருடம் உன் குசினியில் இருந்திருக்க வேண்டும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதாமல் இருந்தது, எழுதத் தொடங்கினால் அழுகை வந்து கலந்துவிடுமோ என்ற பயத்தில்தான். "செத்தவீட்டுக் குரலிலை என்னோடை கதையாதை" என்று கட்டிலில் கிடந்தபடியே எனக்குக் கட்டளை போட்டவள் நீ. இன்று சிரித்துக்கொண்டே எழுதலாம் போலிருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை எங்கள் வைத்தியசாலையில் ஒரு வகுப்பு எடுக்கும்படி தலைமைத் தாதி கேட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த தாதியருக்கும் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கும். பிற நாட்டு நோயாளிகளைப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதுதான் பொருள். "தமிழர்களைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவா, சுவரில் ஒட்டிவிடலாம்" என்றார். நல்ல மனத்தோடுதான் கேட்டார். வகுப்புக்கு வருபவர்களின் பெயர்ப்பட்டியலையும் தந்தார். ஒன்பதாவது பெயர் உன் மகளுடையது.

பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து பதினொரு வருடத்துக்கு முந்திய அந்த ஆனி மாதக் காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அப்போது நான் வேலையில் சேர்ந்து ஏழு மாதம். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்கிற வேலை. மெதியாத்ரீச்சே என்று ஓர் அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, பலேர்மோவில் ஒன்பது வருடம் வீடு துடைத்த பிறகு கிடைத்த அட்டை. 'குளிக்கேக்கை மட்டும்தான் அதைக் கழட்டினவள்' என்று நீ பிறகு எல்லோருக்கும் சொல்வாய். அதில் பாதி உண்மை.

நீ அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் யாருடைய துணையுமில்லாமல் நடந்து வந்தாய். உன் எசமானி சினியோராவின் வீட்டில் காலை வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, தலை வாரி, பவுடர் பூசி, தோடு மாட்டி, திருவிழாவுக்கு உடுக்கிற நீலச் சேலையை உடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாய். டொக்டரிடம் போகும்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அழுக்கு உடுப்போடு போனால் மதிக்கமாட்டார்கள், நாலுபேர் முன்னால் அழுதால் மானம் போய்விடும். ஒரு கையால் வயிற்றைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துப் பிடித்திருந்தாய். முன்மேசையில் இருந்த தாதி உன்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நீயும் திருப்பிப் புன்னகைத்தாய்.

தாதி இந்த அளவுகோலை நீட்டினார். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. எத்தனை என்று கேட்டுச் சொல் என்றார்.

"கொஞ்சம் நோகுது, தங்கச்சி. பறவாயில்லை" என்றாய்.

"எத்தினை எண்டு சொல்லுங்கோ, அக்கா."

"அதென்ன, மீன் நிறுக்கிற மாதிரி? நோவுக்கு எண் இருக்கோ?"

தாதி பேனாவால் மேசையைத் தட்டினார். உனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

"ஒரு எண் சொல்லத்தான் வேணும்."

"அப்ப நீங்களே பாத்து ஒண்டைப் போடுங்கோவன். படிச்ச பிள்ளை, உங்களுக்குத் தெரியாதே?"

நான் உன் தோட்டைப் பார்த்தேன். பவுடரைப் பார்த்தேன். கசங்காத சேலை மடிப்பைப் பார்த்தேன். பிறகு தாதியிடம் திரும்பி, "த்ரே" என்றேன். மூன்று.

நோயாளி சொன்ன எண் மூன்று என்று அவர் எழுதிக்கொண்டார். பச்சை நிறம் கொடுத்தார்; அவசரமில்லை, காத்திருக்கலாம் என்று பொருள். நான் மேல்மாடியில் இன்னொரு நோயாளியிடம் போய்விட்டேன். நான்கு மணித்தியாலம் கழித்து நீ அந்தக் கதிரையிலேயே சரிந்தாய். அப்பெண்டிக்ஸ் உள்ளே வெடித்திருந்தது. பின்னேரம் உன்னைச் சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் தான் வேலைசெய்த உணவகக் குசினியிலிருந்து உன் கணவர் மீன் செதில் ஒட்டிய ஏப்ரனோடு ஓடிவந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உன் மகள், ஒன்பது வயது.

ஏன் மூன்று? பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்ற நினைப்புத்தான். நீ மன்னாரில் மீன்வாடிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார் வீட்டில். நீ வேதக்காரி, நான் சைவக்காரி. நோவை மறைக்க உன்னை யார் பழக்கினார்கள், எத்தனை வயதில் பழக்கினார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தத் தாதிக்கு உன் மொழி தெரியாது. அதனால் அவர் கேட்கவாவது செய்தார். எனக்கு மொழி தெரியும். அதனால் கேட்டு முடிக்காமலே பதில் சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் இரண்டு தோடம்பழத்தோடு உன் கட்டிலருகே வந்து நின்றேன்.

"அந்த மூண்டு நான் சொன்னது. நீங்கள் சொல்லேல்லை. நான்தான் போட்டனான்."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாய்.

"ஐயோ மாதாவே, சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் பிரியப்போகுது! மூண்டோ? மகளைப் பெறேக்கைகூட இப்பிடி நோகேல்லை. ஒரு ஆறாவது போட்டிருக்கலாமே. சரியான கஞ்சப் பிறவி!"

நான் அழுதேன். நீ ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாய். நான் அதை விழுங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, சிரிப்பில்லாத குரலில் கேட்டாய்.

"எனக்குச் சொல்லிப்போட்டியள். அவைக்குச் சொன்னீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். என் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அந்த வேலையைக் காட்டித்தான் இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்பட்டது. அது உனக்கும் தெரியும். மற்றத் தோடம்பழத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"சரி. அது உங்கடை வேலை. நான் செய்து தரேலாது" என்றாய். அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டாய். சாகும் வரை ஒருநாளும் திரும்ப எடுக்கவில்லை.

ஆனால் என்னை விட்டுவைத்தாய் என்றும் சொல்ல முடியாது. நீ வீட்டுக்குப் போன கிழமையே தொலைபேசியில், "என்ன மூண்டு, எப்பிடி இருக்கிறாய்?" என்று தொடங்கினாய். இருவருக்கும் ஒரே வயது, நீ நான்கு மாதம்தான் மூத்தவள் என்று அந்த அழைப்பில் கண்டுபிடித்தோம். அக்காவும் தங்கச்சியும் அன்றோடு போயிற்று. அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். மேசையில் கறிச்சட்டிகளுக்கு நடுவில் இந்த அளவுகோல் கிடந்தது.

"எடி, இதை எப்பிடி எடுத்தனி?"

"எடுக்கேல்லை. கட்டிலிலை கிடந்தது. எனக்குத் தந்தது எண்டு நினைச்சன்" என்றாய், பூசைக்குப் போகிற முகத்தோடு.

அன்றைக்குத்தான் அது உறைப்பு அளக்கிற கோலாக மாறியது. பூச்சியம் உன் சினியோராவின் சமையல். பத்து உன் தாய்வழிச் சொந்தங்கள் வைக்கிற நண்டுக்கறி. உன் கணவர் உணவகத்தில் மிஞ்சிய நண்டும் கணவாயும் கொண்டுவருவார், நீ சட்டியை இறக்குவாய், மகள் ஒரு கரண்டி குழம்பை நக்கிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வடிய, அளவுகோலில் விரலை வைத்து, "மம்மா, க்வெஸ்தோ சேத்தே! ஏழு! எழுதுங்கோ!" என்று கத்துவாள். அந்த விரலிலிருந்து வந்த கறைதான் இன்று காலை நான் தேய்த்தது. பகேரியாவுக்கு நீங்கள் குடிமாறிய பிறகும் ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்தேன். அவள் என்னை மூண்டு அன்ரி என்றே கூப்பிட்டு வளர்ந்தாள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டபோது, "அவ வீட்டிலை மூண்டாவது பிள்ளை" என்று நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாய். எங்கள் வீட்டில் நான்தான் மூத்த பிள்ளை.

என் வேலையை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது அந்த ஞாயிறுகளில்தான். நீ பாடம் எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் என் பிழையைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான். எண்ணைக் கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். அப்படியானால் எதைக் கேட்பது? அதற்கு விடை உன் சேர்ச்சில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிற துறைமுகத் தொழிலாளியை நீ வைத்தியசாலைக்குக் கூட்டிவந்த அன்று கிடைத்தது. அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "எனக்கொண்டும் இல்லை, இவைதான் கூட்டிக்கொண்டு வந்தவை" என்று சிரித்தார். வைத்தியர் கணினியை மூடப்போனார்.

"அண்ணை, இண்டைக்கு உங்கடை சப்பாத்துக் கயிறு ஆர் கட்டினது?" என்று கேட்டாய்.

"மனிசி."

"எப்ப தொடக்கம்?"

"போன வியாழன் தொடக்கம். குனியேலாமல் கிடக்கு."

"மூட்டை தூக்கிறனீங்களோ?"

"அது ரண்டு கிழமையா விட்டிட்டன். பெடியளிட்டைச் சொல்லாதை."

நான் ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னேன். அந்த 'சொல்லாதை'யையும் சேர்த்துச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுச் சொன்னேன். வைத்தியர் எழுந்து நின்றார். அன்றைக்கே அவரைக் கட்டிலில் போட்டார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் கிருமி. சுகமாகி வீட்டுக்குப் போகும்போது உனக்கு ஒரு பெட்டி நெத்தலி கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு நான் எவரிடமும் எண்ணை மட்டும் கேட்டது கிடையாது. நேற்றுச் செய்து இன்றைக்குச் செய்ய முடியாமல் போன வேலை என்ன என்று கேட்பேன். பிறகு அவர்களையே எண்ணைச் சொல்லவைப்பேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் நின்று கேட்பேன்.

இன்னொன்றும் நினைவு வருகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, ரயிலில் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். உலகத்தின் மறுகோடியில் ஒரு நாட்டில், அந்த மண்ணின் பூர்வகுடித் தாதியர், தங்கள் சனங்கள் வைத்தியசாலைக்கு வரவே பயப்படுவதைக் கண்டு, கலாசாரப் பாதுகாப்பு என்று ஒரு கருத்தை உருவாக்கினார்கள். பிறருடைய வழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது போதாது; பார்க்கிறவர் தன்னையும் தன் கையில் இருக்கிற அதிகாரத்தையும் முதலில் பார்க்க வேண்டும்; அந்த இடம் பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டியது நோயாளியே தவிர வைத்தியரில்லை என்று சொன்னேன். நீ கச்சான் கொறித்துக்கொண்டே கேட்டாய்.

"அவை எங்கையிருந்து அந்த நாட்டுக்கு வந்தவை?"

"வரேல்லை. அங்கையே இருந்தவை. மற்றவைதான் வந்தது."

நீ கொறிப்பதை நிறுத்தினாய். "சொந்த ஊர் ஆசுப்பத்திரியிலையே அந்நியரோ? எங்களுக்காவது நாங்கள் வந்தனாங்கள் எண்டு ஒரு சாட்டு இருக்கு. அதுகளுக்கு என்ன சாட்டு?" என்றாய். அந்தப் பயிற்சியில் இரண்டு நாளில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பகேரியா நிலையம் வந்தது. இறங்கும்போது, "அப்ப கழுத்திலை அட்டை மாட்டினவை எல்லாருக்கும் அது பொருந்தும். இத்தாலிக்காரருக்கு மட்டுமில்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

அதனால்தான் தலைமைத் தாதி கேட்ட அந்த ஒரு பக்கத் தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது. 'தமிழர் வலியை வெளியே காட்டமாட்டார்கள்' என்று நான் எழுதி ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரசவ வார்ட்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி தொண்டை கிழியக் கத்தியபோது, உங்கள் பெண்கள் அமைதியானவர்கள் அல்லவா, இவளுக்கு என்ன என்று ஒரு தாதி என்னிடம் கேட்டார். இதை உன்னிடம் சொன்னபோது, "பாத்தியா, இனிக் கத்திறதுக்கும் நாங்கள் குவெஸ்தூராப் பொலிசிலை கடதாசி எடுக்கோணும்" என்றாய். உன் கணவர் தேத்தண்ணீரை மூக்கால் விட்டார்.

கடைசி மாதத்தில், புற்றுநோய் எலும்புவரை வந்துவிட்ட பிறகு, காலைத் தாதி உன் கட்டிலருகே வந்து எத்தனை என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். நீ கையை உயர்த்தி என்னைத் தடுத்துவிட்டு, முழு அறைக்கும் கேட்கும்படி இத்தாலியில், "ஒத்தோ!" என்றாய். எட்டு. மருந்து உடனே வந்தது. தாதி போனதும் கண்ணடித்தாய். "உன்னை நம்பினா அரைவாசிதான் கிடைக்கும்." அந்த அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் சிசிலியக் கிழவி, தனக்கும் அந்த மருந்தைத் தரும்படி மணியை அடித்தாள். உன்னோடு இருந்த எல்லா நாட்களிலும் அதுதான் எனக்குப் பிடித்த காலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது.

அன்று முன்மேசையில் இருந்த தாதிதான் இன்றைய தலைமைத் தாதி. உனக்குத் தெரியும். ஆனால் உன் மகள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. உன்னை அடக்கம் செய்து ஒரு மாதத்தில், ஏன் தாதிப் படிப்பை எடுத்தாய் என்று நான் சும்மா கேட்டேன். "அம்மாவை நாலு மணித்தியாலம் கதிரையிலை இருத்தி வைச்ச ஆக்களாலைதான்" என்றாள். "அவ அம்மாவின்ரை முகத்தைக்கூடப் பாக்கேல்லை, அன்ரி. கறுத்தப் பொம்பிளை எண்டு பச்சை நிறத்தைக் குடுத்திட்டா."  நான் உண்மையைச் சொல்லாமல் தேத்தண்ணீர் போட எழுந்து போனேன். இப்போது அவள் அதே தாதியின் கீழ்ப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். காலை வணக்கம் சொன்னால் பதிலை மட்டும் சொல்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லையாம். தலைமைத் தாதியே என்னிடம் சொன்னார். "அந்தப் பெண்ணின் தாயை எனக்கு நினைவிருக்கிறது. எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அவள் என்னை வெறுப்பது நியாயம்தான்" என்றார். அவர் தன் பங்கை இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறார். என் பங்கையும் சேர்த்தே சுமந்திருக்கிறார், அது தெரியாமலே.

நேற்றுப் பின்னேரம் உன் மகள் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "மூண்டு அன்ரி, வியாழக்கிழமை நான் முதல் வரிசையிலை இருப்பன். தமிழிலை ஒண்டும் கேட்டு என்னை மாட்டிவிடாதேங்கோ, பெர் ஃபவோரே! எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், இவதான் என்ரை அன்ரி எண்டு." பின்னால் உன் கணவர் ஏதோ பொரிக்கிற சத்தம் கேட்டது. அதை மூன்று நான்கு தடவை கேட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. அது உனக்குத் தெரியும். அந்தக் குரலில் இருக்கிற பெருமையை இழக்க நேரலாம். என் வேலையும் போகலாம், போகாமலும் விடலாம். ஆனால் என் பிழைக்காக இன்னொருத்தி மேல் அவள் வைத்திருக்கிற கோபத்தோடு நான் அவளை ஒரு தாதியாக வளரவிட முடியாது. அந்தக் கோபம் அவள் கையில் ஊசி இருக்கும்போதும் கூடவே இருக்கும்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எது என்று கேட்டால், நின்று கேட்கிற பொறுமை என்று சொல்வேன். யார் வந்தாலும், பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும், அவர்களுடைய வாயால் வரும்வரை நிற்கிறேன். ஆனால் அதைப் பிறருக்குக் கற்பிக்கப் போகிறவள் தன்னுடைய வாயால் வரவேண்டியதைப் பதினொரு வருடம் உள்ளே வைத்திருந்திருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் உன் மகள் அதைக் கேட்க நேரக்கூடாது. பத்தேகால் ரயிலில் பகேரியாவுக்குப் போகிறேன். அவளுக்கு முதலில். நாளைக் காலை தலைமைத் தாதியிடம், எழுதிக் கையெழுத்திட்டு, உன் பழைய கோப்பில் சேர்க்கும்படி கொடுப்பேன். வியாழக்கிழமை சுவரில் ஒட்டத் தாள் இருக்காது. என்னுடைய பிழையைத்தான் முதலில் சொல்வேன்.  பசிக்கிறது, ஜன்னலைத் திறந்திருக்கிறேன், வெயில் நன்றாக ஏறிவிட்டது. இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். அவள் கதவைத் திறந்து கேட்டால் நல்லது. கேட்டு முடிக்காமல் என் முகத்துக்கு நேரே அறைந்து மூடினாலும், மூடிய கதவுக்கு வெளியே படியில் நின்று, மிச்சத்தையும் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.